கழுவாத திராட்சை

எனக்குப் பொறாமை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னை நல்லவள் என்று நினைத்து யாரும் பின்னால் ஏமாற வேண்டாம். நகைக்கோ சேலைக்கோ நான் பொறாமைப்பட்டதில்லை. ஆமத்தூரில் பஸ் ஏறுகிற ஒருத்தியின் கண்ணை நினைத்துத்தான் இருபத்திரண்டு வருஷம் வயிறு எரிந்து கிடந்தேன். அது ஒன்றும் மை தீட்டிய அழகான கண் இல்லை. சின்னக் கண், சிரித்தால் காணாமல் போய்விடும். ஆனால் அந்தக் கண்ணுக்குத் தெரிகிற நிறம் என் கண்ணுக்குத் தெரியாது.

நாங்கள் இருவரும் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் வேலை பார்க்கிறோம். பட்டாசுப் பெட்டி, காலண்டர், தீப்பெட்டி லேபிள், ஊறுகாய் லேபிள், எது வந்தாலும் கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்தி நிறத்தைச் சரிசெய்து மெஷினுக்கு அனுப்புவது எங்கள் பாடு. அதற்கு மேல் எனக்கு மட்டும் ஒரு வேலை இருந்தது. மெஷின் ஓட ஆரம்பித்ததும் முதலில் வருகிற தாள்களில் ஒன்றை உருவிக்கொண்டு வாசலுக்குப் போவேன். டியூப்லைட் பொய் சொல்லும், வெயில் சொல்லாது. வெயிலில் பிடித்து, சாம்பிளோடு ஒப்பிட்டு, சரியென்று பட்டால் தாளின் மூலையில் கையெழுத்துப் போடுவேன். அந்தத் தாளை மெஷின் பக்கத்தில் மாட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அச்சாகிற லோடு முழுக்க அதைப் பார்த்துத்தான் ஓட வேண்டும். நான் கையெழுத்துப் போடும்வரை அம்புட்டு ஆம்பிளைகளும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் வேண்டுமென்றே கொஞ்சம் நேரம் எடுப்பேன். சும்மா சொல்லக்கூடாது, சுகமான வேலை.

நியாயமாகப் பார்த்தால் அந்தக் கையெழுத்து அவளுடையது. நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். முதலில் முதலாளி அவளைத்தான் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் பிரசவத்துக்குப் போனாள், அந்த இடைவெளியில் பேனா என் கைக்கு வந்தது. திரும்பி வந்தபோது நான் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன். கேட்காமல் விட்டாள் பாருங்கள், அது என் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

இத்தனைக்கும் தினமும் பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்து வைத்தவள் நான்தான். என் வீடு விருதுநகரில். காலையில் சிவகாசி பஸ் கிளம்பும்போதே பாதி நிறைந்துவிடும். ஆமத்தூர் வருவதற்குள் நிற்க இடம் இருக்காது. அவளுக்கு டீசல் வாடை ஆகாது, குமட்டும், ஜன்னலோரம்தான் வேண்டும். அதனால் நான் உள்ளே நகராமல், ஜன்னல் பக்கம் என் பையை வைத்துவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். ஆமத்தூரில் ஏறி, கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள்.

"மதினி, சாப்பிட்டீகளா?"

சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. முதல் நாள் மதினி என்றாள், அப்படியே நின்றுவிட்டது. சிவகாசியில் இறங்கும்வரை என் பை அவள் மடியில்தான் இருக்கும். அதன் ஜிப் போய் வருஷக்கணக்காகிறது. நான் மாற்றவில்லை.

அவள் கண்ணைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். ஒரு தடவை பஸ் போய்க்கொண்டிருக்கும்போதே வெளியே களத்தில் காய்ந்த மிளகாய் வத்தலைப் பார்த்துவிட்டு, "இது முச்சூடும் புது வத்தல் இல்ல மதினி. போன வருசத்த கலந்து காயப் போட்டுருக்காக" என்றாள். என் வீட்டுக்காரர் விருதுநகரில் வத்தல் மண்டியில் வேலை பார்ப்பவர். அவரிடம் வந்து சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தக் களத்துச் சரக்கா? ஆமா, கலப்புதான். எங்க மண்டியிலயே கையில எடுத்துப் பாத்துத்தான் கண்டுபிடிச்சோம். ஓடுற பஸ்ஸுல இருந்தா சொன்னாக?" என்றார். அன்றைக்கு அவர் இரண்டாம் தடவை ரசம் கேட்டும் நான் ஊற்றவில்லை.

போன ஆடி மாதம் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

அவர் மேஜையில் ஒரு தபால் உறை கிடந்தது. ஒயின் லேபிள் ஆர்டர் வந்திருக்கிறது என்றார். சின்ன ஆர்டர்தான், ஆனால் பிடித்துப்போனால் அந்தப் பக்கத்து ஆர்டர்கள் எல்லாம் நமக்கு வரும் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறாராம்.

"பல்கேரியான்னு ஒரு நாடு. அங்கன ஒரு அம்மா திராட்சைத் தோட்டம் வச்சிருக்காக. இந்தச் சாதித் திராட்சை அந்த ஒரு பள்ளத்தாக்கத் தவிர வேற எங்கனயும் சரியா வராதாம். பேரு..." என்று போனைப் பார்த்து, எழுத்துக் கூட்டி, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "ஷிரோகா மெல்னிஷ்கா."

ஒயின் என்றால் கறுப்புச் சிவப்பாக இருக்கும், அதற்கான திராட்சை என்பது வரைக்கும் எனக்குப் புரிந்தது. மற்றதெல்லாம் அந்த அம்மா எழுதியிருந்த கடிதத்தை முதலாளி சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பெயருக்கு மெல்னிக் ஊரின் அகன்ற இலைக் கொடி என்று அர்த்தமாம். ஊரில் மற்ற திராட்சை எல்லாம் பறித்து முடித்த பிறகும் இது பழுக்காமல் நிற்குமாம். ஐப்பசி வெயிலுக்காகக் காத்திருக்குமாம். மழை முந்தினால் போச்சு. யார் காத்திருப்பார்? அக்கம்பக்கத்தார் பலர் இதைப் பிடுங்கிவிட்டுச் சீக்கிரம் பழுக்கிற பிரெஞ்சுக் கொடிகளை நட்டுவிட்டார்களாம். இந்த அம்மா பிடிவாதமாக வைத்திருக்கிறார்.

முதலாளி உறையைப் பிரித்தார். உள்ளே ஒரு கைக்குட்டை. வெள்ளைத் துணி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

"ஒயின தபால்ல அனுப்ப விட மாட்டாகல்ல. அதான் துணியில முக்கிக் காயவச்சு அனுப்பிருக்காக. அந்த ஊரு ஒயினு அம்புட்டுக் கெட்டியாம், கைக்குட்டையில முடிஞ்சு கொண்டுபோகலாம்னு பெருமை பேசுவாகளாம். லேபிளுக்குக் கீழ ஒரு பட்டை வரும், அந்தப் பட்டை அச்சு அசலா இந்தக் கலர்ல இருக்கணும்னு எழுதிருக்காக."

துணியை வாங்கி முகர்ந்தேன். புளியும் பழைய மரப்பெட்டியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தேன்.

"காஞ்ச ரத்தம் மாதிரி இருக்கு" என்றேன்.

"இல்ல மதினி. நாவப்பளம் தின்ன நாக்கு மாதிரி உள்ளுக்குள்ள ஊதா ஓடுது பாருங்க."

பார்த்தேன். எனக்கு எந்த ஊதாவும் ஓடவில்லை. துருவேறிய தகரம் மாதிரி ஒரு சிவப்பு, அவ்வளவுதான். ஆனால் தெரியவில்லை என்று சொல்வேனா? "ஆமா, கொஞ்சம் இருக்கு" என்றேன், ஏதோ நானே முதலில் கண்டுபிடித்தவள் போல.

அப்போதுதான் முதலாளி குண்டைத் தூக்கிப் போட்டார். தீபாவளி கழித்துப் புது மெஷின் வருகிறது. இரண்டு மெஷினுக்கும் ஒரே ஆள்தான் கையெழுத்துப் போட வேண்டும். "ஆளுக்கு ஒரு லேபிள் செய்ங்க. ரெண்டையும் அனுப்புவோம். அந்த அம்மா எதத் தேர்ந்தெடுக்காகளோ, அதச் செஞ்சவுகதான் இனிமே கையெழுத்து."

இருபத்திரண்டு வருஷத்துப் பேனாவை ஒரு கைக்குட்டை பிடுங்கப் பார்க்கிறது. அவள் தலையைக் குனிந்துகொண்டு துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நான் உட்கார்ந்தேன். ஆமத்தூரில் ஏறினாள், பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றே வந்தாள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படியெல்லாம் இல்லை என்று இப்போது எழுதலாம், ஆனால் இருந்தது.

வீட்டில் ஒயின் லேபிள் செய்கிறேன் என்று சொன்னதும் வீட்டுக்காரர், "ஒயின் ஷாப்புக்கா? அங்கன ஒயினத் தவிர மத்ததெல்லாம் இருக்கும்" என்றார். நான் முறைத்ததும் வெளியே போய்விட்டார்.

பிரஸ்ஸில், அந்த அம்மா கடிதத்தோடு அனுப்பிய புகைப்படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். ஒரே ஒரு குலை. அதன் மேல் பாதியை மறைத்துக்கொண்டு முறம் மாதிரி ஒரு இலை. பழங்கள் மேல் சாம்பல் பூத்தாற்போல ஒரு அழுக்கு. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், திராட்சை மேல் வெள்ளை படிந்திருந்தால் அது மருந்து. விருதுநகர் பஸ் ஸ்டாண்டு முன்னால் தள்ளுவண்டியில் கம்பம் பன்னீர் திராட்சை வாங்கி வந்தால், உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, தேய்த்துக் கழுவி, துடைத்துத்தான் வாயில் வைப்போம். மருந்தடித்த பழத்தை லேபிளில் போட்டால் யார் வாங்குவார்? கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பழமாகத் துடைத்தேன். மூன்று நாள் துடைத்தேன். மினுமினுப்பு ஏற்றினேன். காலண்டர் மாம்பழத்துக்கு வைக்கிற மாதிரி ஆளுக்கொரு பனித்துளி வைத்தேன். இலை பழத்தை மறைக்கிறதே என்று அதைப் பாதியாகக் கத்தரித்துவிட்டு, அதிலிருந்த ஓட்டைகளை அடைத்துப் பச்சையைக் கூட்டினேன். அடேயப்பா, முடித்துவிட்டுப் பார்த்தால் திராட்சை கண்ணைப் பறித்தது.

அவள் பின்னால் வந்து நின்றாள். சண்டை என்றால் பேசக்கூடாது என்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது.

"மதினி, அந்தச் சாம்பல எடுத்துட்டீகளா?"

"பின்ன? மருந்த அப்படியேவா விடுவாக?"

"மருந்து மாதிரித் தெரியல. மருந்துன்னா சொட்டுச் சொட்டா நிக்கும். இது பளத்தோட சேந்து பூத்தாப்புல இருக்கு. லேசா நீலம் கூட அடிக்குது."

"ஓன் பளத்த நீ பாரு. எம் பளத்துக்கு வராத."

போய்விட்டாள். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அவள் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தேன். பழத்தில் கையே வைக்கவில்லை. சாம்பல் பூத்த குலை, முறம் இலை, இலையில் பூச்சி அரித்த ஓட்டை, எல்லாம் அப்படியே இருந்தன. சோம்பேறி, தொலைந்தாய் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டைக்கு மட்டும் தனி மை கலக்க வேண்டும். கண்ணாடிப் பலகையில் மைகளை வைத்து, தகட்டுக் கரண்டியால் பிசைந்து, ஒரு பொட்டு எடுத்துத் தாளில் விரலால் தட்டித் தட்டிச் சாம்பிளோடு பார்க்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் நான் கலந்து முடித்தேன். அவள் திங்கட்கிழமை காலையில் கலப்பதாக இருந்தது, திங்கள் மத்தியானம் இரண்டு லேபிளும் மாதிரிக்காக மெஷினில் ஏற வேண்டும். சாயங்காலம் கிளம்பும்போது மேஜையில் கைக்குட்டை தனியாகக் கிடந்தது. எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் வாசலில் நின்று, "மதினி, அந்தத் துணியப் பாத்தீகளா?" என்றாள்.

"காணலையே" என்றேன். நாக்கு கூசவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் பையில் பேனா தேடும்போது கைக்குட்டையை இழுத்துவிட்டார். "யாருக்கு மூக்குல ரத்தம்?" என்று பதறினார். ஆபீஸ் சாமான் என்று பிடுங்கிப் போட்டேன். அதற்குப் பிறகுதான் கூச ஆரம்பித்தது. திருட்டு என்று என் வாழ்க்கையில் ஒரு குண்டூசி எடுத்ததில்லை. திரும்ப வைத்துவிடலாம், ஆனால் திங்கள் சாயங்காலம் வைத்தால் போதும், அவள் மை கலந்து முடித்த பிறகு. என் குற்ற உணர்ச்சியும் நேரம் பார்த்துத்தான் வேலை செய்தது.

அந்தக் கூச்சத்தில்தான் திங்கட்கிழமை பஸ்ஸில் பழையபடி ஜன்னலோரம் பையை வைத்துவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ஆமத்தூரில் ஏறியவள் பையைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். சிவகாசி வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

பிரஸ்ஸுக்கு வந்ததும் துணி எங்கே என்று அவள் கேட்கவே இல்லை. நேராகப் போய்ப் பலகையில் மையை வைத்தாள். பிசைந்தாள், தட்டினாள், கொஞ்சம் நீலம் சேர்த்தாள், தட்டினாள், போதும் என்று கையைத் துடைத்தாள். எனக்கு உடம்பு முழுக்க எரிந்தது. ஒரு தடவை பார்த்த கறையை மனசில் வைத்துக்கொண்டு கலக்கிறாளா? பாவி! அப்படியொரு கண்ணைக் கடவுள் ஆமத்தூரில் கொண்டுபோய் ஏன் வைத்தான்? அன்று சாயங்காலம் கைக்குட்டையைத் திருப்பி வைக்கவும் மனசு வரவில்லை. அது என் பையிலேயே கிடந்தது.

ஆவணியில் பதில் வந்தது. முதலாளி எங்கள் இருவரையும் நிற்கவைத்துப் படித்தார்.

"'என் திராட்சைய யாரு களுவுனது?'ன்னு கேட்டுருக்காக."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதலாளி தொடர்ந்தார். அந்தச் சாம்பல் மருந்து இல்லையாம். பழம் தானாகப் போர்த்திக்கொள்கிற மெழுகாம். அது இருந்தால்தான் வெயிலில் பழம் வாடாதாம். பறிக்கிற கை பட்டாலே அழிந்துவிடும் என்பதால் காம்பைப் பிடித்துத்தான் குலையை எடுப்பார்களாம். அது இல்லாத பழத்தைப் பார்த்தால் அங்கே சந்தையில் பழசு என்று ஒதுக்கிவிடுவார்களாம். அப்புறம் இலை. அகன்ற இலை என்பதுதான் அந்தக் கொடிக்குப் பேரே. அதைக் கத்தரித்துவிட்டால் இது என் கொடியே இல்லை என்று எழுதியிருந்தார். பட்டை விஷயத்தில், ஒரு லேபிள் தக்காளி நிறத்தில் இருக்கிறது, இன்னொன்றைப் பார்த்ததும் என் கிடங்கு வாசனையே வந்துவிட்டது என்றாராம்.

எது யாருடையது என்று சொல்லவா வேண்டும்?

"மொதலாளி, அந்த அம்மாவுக்கு வயசாயிருக்கும், கண்ணு தெரியாது" என்றேன். சொல்லிவிட்டு நேராக மெஷின் கூடத்துக்குப் போனேன். என் கையெழுத்துள்ள பழைய தாள்கள் அங்கே கட்டுக்கட்டாக இருந்தன. எடுத்து வந்து முதலாளி முகத்துக்கு முன்னால் விரித்து, என் சிவப்பு எந்தக் காலத்திலாவது தப்பியிருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்ற வெறி. கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது மெஷின் ஓட்டுகிறவர் வந்து கட்டின் மேல் கையை வைத்தார். எங்களோடு பத்து வருஷமாக இருப்பவர், அதிகம் பேசாதவர்.

"அக்கா, அதக் கொண்டுபோகாதீக."

"ஏன்?"

"நீங்க கையெழுத்துப் போட்ட தாளும் லோடு ஓடுன தாளும் ஒண்ணா இருக்காது. நீங்க அங்கிட்டுப் போனதும் ஆமத்தூர் அக்கா வருவாக. சிவப்பக் கொஞ்சம் எறக்குங்க, நீலத்த ஒரு பொட்டு ஏத்துங்கன்னு சொல்லிட்டுப் போவாக. ஒன்றரை வருசமா இப்படித்தான் ஓடுது. ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்காக."

ஒன்றரை வருஷமாக நான் வாசலில் நின்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் போட்ட கையெழுத்தெல்லாம் வெறும் கிறுக்கல். மெஷின் எனக்காக நிற்கவில்லை. நான் போகட்டும் என்று நின்றிருக்கிறது.

குழாயடியில் அவள் தூக்குச்சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"என்னைய முட்டாளாக்கிட்டேல்ல?"

அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சட்டியைக் கீழே வைத்தாள். "மதினி, ஒங்களுக்குக் கண்ணுல புரை வுளுந்துருக்கு. எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆச்சு. நீலமே தெரியாது, எல்லாம் பழுப்பாத் தெரியும். ஒங்களுக்கு வேற சுகர் இருக்கு."

"தெரிஞ்சுக்கிட்டு ஏன்டி சொல்லல?"

"சொன்னா நம்புவீகளா? கையெழுத்த வாங்குறதுக்குத்தான் சொல்லுதேன்னுதான நெனப்பீக?"

நினைத்திருப்பேன். சத்தியமாக நினைத்திருப்பேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது நன்றியில் வந்தது என்று யாராவது நினைத்தால் தப்பு. இவளுடைய கண்தான் என்னுடையதைவிட நல்லது என்று இத்தனை வருஷம் எரிந்தேன், இப்போது மனசும் அல்லவா நல்லதாக இருக்கிறது! ஒருத்திக்கே எல்லாவற்றையும் கொடுத்தால் மற்றவள் எப்படிப் பிழைப்பது? "நீ நல்லா இரு, போ" என்று கத்திவிட்டு வந்தேன். வாழ்த்து மாதிரியே இல்லை, மண்ணை வாரித் தூற்றுவது மாதிரி இருந்தது.

புரட்டாசியில் மதுரைக்குப் போனேன், முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் காலை கட்டைப் பிரித்ததும் எதிரே மூலையில் இருந்த பிளாஸ்டிக் வாளியைத்தான் பார்த்தேன். நீலம். அப்படியொரு நீலம்! வாளியைப் பார்த்து ஒரு பொம்பளை அழுவதை அந்த நர்ஸ் அதுவரை பார்த்திருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தேன், துருவேறிய தகரம். இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தேன். நாவல் பழம் தின்ற நாக்கு. அப்படியே. உள்ளுக்குள் ஊதா ஓடிக்கொண்டிருந்தது. நான் செய்த லேபிளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புஸ்வாணப் பெட்டி தோற்றது, அவ்வளவு சிவப்பு. மூன்று நாள் உட்கார்ந்து துடைத்த பழங்கள் கண்ணாடிக் கோலிக் குண்டு மாதிரி பல்லை இளித்தன. தனியாகத்தான் இருந்தேன், இருந்தும் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குக் கிளம்பினேன். இடது கண் இன்னும் பாக்கி. பஸ்ஸில் ஜன்னலோரம் பையை வைத்துவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ஆமத்தூரில் ஏறினாள். ஒன்றுமே நடக்காதது போலப் பையை எடுத்து மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

"மதினி, சாப்பிட்டீகளா? கண்ணு எப்படியிருக்கு?"

நான் பதில் சொல்லாமல் அவள் மடியில் இருந்த பைக்குள் கையை விட்டுக் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். எப்படிச் சொல்வது என்று ஒரு மாதம் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "நாந்தான் எடுத்தேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். கண் காணாமல் போனது.

"தெரியும் மதினி. அன்னைக்கே பாத்தேன்."

"எங்க பாத்த?"

"இங்கனதான். இதே பையில. ஜிப்பு இல்லேல்ல, நுனி வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. நீங்க அங்கிட்டுத் திரும்பிக்கிட்டீக. மடியில விரிச்சு வச்சு ஆமத்தூர்ல இருந்து சிவகாசி வரைக்கும் பாத்துக்கிட்டே வந்து, எறங்கும்போது திரும்ப உள்ள வச்சுட்டேன். ஜன்னலோரம், நல்ல காலை வெயிலு. பிரஸ்ஸு வாசல்ல நின்னாக்கூட அம்புட்டு நேரம் பாத்துருக்க மாட்டேன். அன்னைக்கு நீங்க எடம் போட்டு வைக்கலைன்னா எனக்கு அந்தக் கலரு வந்துருக்காது."

அப்படியென்றால் மனசில் வைத்துக் கலக்கவில்லை. நான் ஒளித்து வைத்ததை நானே கொண்டுவந்து, வெயிலும் ஜன்னலும் சேர்த்து, அவள் மடியில் வைத்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பிரஸ்ஸில் அன்றைக்குத்தான் அந்த லேபிளின் முழு லோடு மெஷினில் ஏறியது. ஒயின் லேபிளுக்கான தனித் தாள் வந்து சேரத் தாமதமாகிவிட்டது என்றார்கள். முதல் தாளை உருவிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனாள். மெஷின் நின்றது. போகிற போக்கில், "வாங்க மதினி, ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தேன். வெயிலில் திராட்சை மேல் அந்தச் சாம்பல் லேசான நீலத்தோடு பூத்திருந்தது, யாருடைய கையும் படாமல். முறம் இலை முழுசாக இருந்தது. கீழே பட்டை, கைக்குட்டையிலிருந்து கிழித்து ஒட்டியது போல. தப்பு ஏதாவது கிடைக்குமா என்று நன்றாகத் தேடினேன், பழக்கம் போகுமா? ஒன்றும் கிடைக்கவில்லை.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

என் பேனாவை எடுத்து நீட்டினேன். அவள் தாளைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு மூலையில் கையெழுத்துப் போட்டாள். பாவி, கையெழுத்தும் என்னுடையதைவிட அழகு.